பிரிக்காத உறைகளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளம்புங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். 2025 ஏப்ரலில் ஜப்பானின் ஃபுகுவோகா நகருக்கு முதுநிலைப் படிப்புக்காக வந்தேன். பாடம் ஆங்கிலத்தில்தான், ஜப்பானிய மொழி கடையில் விலை கேட்கும் அளவுக்குத் தெரியும். உதவித்தொகை இல்லை. கொன்பினி எனப்படும், நாள் முழுக்கத் திறந்திருக்கும் சில்லறைக் கடை ஒன்றிலும், பெந்தோ உணவுப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றிலும் பகுதிநேர வேலை பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்து சில வாரங்களில் 33 மணி நேரம் ஆகிவிடுகிறது. "இரண்டு இடமாக இருந்தால் யாருக்கும் தெரியாது" என்கிறார் கூட வேலை பார்க்கும் நண்பர். ஒரு மாதத் தொழிற்சாலைச் சம்பளம், பெயர் பொருந்தவில்லை என்று வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. ஓய்வூதியத்துக்கு மாதம் 17,510 யென் கட்டச் சொல்லிக் கத்தையாகச் சீட்டுகள் வந்தன. படித்தால் புரியாததால், அதற்குப் பிறகு வந்த உறைகளைப் பிரிக்காமல் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் நான் வைத்த குப்பையை எடுக்காமல் அதன்மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரவில் சத்தம் போடுகிறேன் என்று கதவிடுக்கில் இன்னொரு தாள். நான் பாட்டுக்கூட ஒலிபெருக்கியில் கேட்பதில்லை. வீட்டுக்குக் கொஞ்சம் பணமும் அனுப்பியாக வேண்டும். மொழி தெரியாமல் வந்ததுதான் தவறா? ஊருக்கே திரும்பிவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி,

நீங்கள் பயப்படும் வரிசை வேறு, ஆபத்தின் வரிசை வேறு. ஓய்வூதியச் சீட்டைப் பார்த்து உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது. அது ஒரு காலைப்பொழுதில் தீர்கிற காரியம். பேச்சோடு பேச்சாக நடுவில் எழுதியிருக்கிறீர்களே, 33 மணி நேரம் என்று, அதைப் படித்தபோதுதான் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்.

மாணவருக்குரிய தங்கும் அனுமதியில் இருப்பவர், வேலை செய்ய முத்திரை பெற்ற பிறகும், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உழைக்கலாம். கடைக்கு 28 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்ந்துதான் 28. வாரம் என்பதையும் திங்கள் முதல் ஞாயிறு வரை என்று நம் வசதிக்கு வகுத்துக்கொள்ள முடியாது. எந்தக் கிழமையில் தொடங்கி ஏழு நாள் எண்ணினாலும் 28-ஐத் தாண்டக் கூடாது. ஒரு வாரக் கடைசியிலும் அடுத்த வாரத் தொடக்கத்திலும் மணிகளைக் குவித்துவிட்டு, "வாரக் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது" என்று என்னிடம் வந்து அட்டவணையைக் காட்டியவர்கள் உண்டு. பல்கலைக்கழக விதிகளில் நீண்ட விடுமுறை என்று குறித்திருக்கும் நாட்களில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம் வரை போகலாம். பேராசிரியர் வெளியூர் போனதால் வகுப்பில்லை என்பது அந்தக் கணக்கில் வராது.

"இரண்டு இடமாக இருந்தால் தெரியாது" என்று சொல்லும் அந்த நண்பர் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார். அவருக்குத் தெரியாதது இதுதான்: ஜப்பானில் சம்பளம் கொடுக்கும் ஒவ்வொரு முதலாளியும், போன ஆண்டு உங்களுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்ற கணக்கை ஜனவரி 31-க்குள் நீங்கள் குடியிருக்கும் நகராட்சிக்கு அனுப்ப வேண்டும். நகராட்சி அவற்றைக் கூட்டித்தான் குடியிருப்பு வரி போடுகிறது. கொன்பினியின் கணக்கும் தொழிற்சாலையின் கணக்கும் அங்கே ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகு நீங்கள் விசாவை நீட்டிக்கும்போதோ, படிப்பு முடிந்து வேலை விசாவுக்கு மாறும்போதோ, குடியேற்ற அலுவலகம் அந்த வரிச் சான்றைக் கேட்கலாம். மணிக்கூலி சுமார் ஆயிரம் யென் என்றால் 28 மணி நேரத்துக்கு ஆண்டில் எவ்வளவு வரும் என்று பெருக்கிப் பார்க்க அதிகாரிக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். கையில் வேலை நியமனக் கடிதத்தோடு வந்து, விசா மறுக்கப்பட்டு, என் அறையில் அழுத ஒரு மாணவி எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறார். அவர் எந்தத் தப்புக் காரியமும் செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் கூடுதலாகப் பாத்திரம் கழுவினார், அவ்வளவுதான்.

எனவே இந்த வாரமே ஓர் இடத்தை விடுங்கள். எதை விடுவது? தொழிற்சாலை இரவு வேலை என்று ஊகிக்கிறேன். இரவு 10 மணி முதல் காலை 5 வரை கூலி 25 சதவீதம் கூடுதல் என்பதால் விட மனம் வராது. ஆனாலும் விடச் சொல்வேன். சோற்றின் மேல் ஊறுகாய்ப் பழத்தை வைத்துக்கொண்டே எட்டு மணி நேரம் நின்றால் உங்களுக்கு ஒரு சொல்கூடப் புதிதாகச் சேராது. கொன்பினியில், "பை வேண்டுமா", "சூடாக்கித் தரட்டுமா" என்று ஒரே பத்து வாக்கியங்களை நாளுக்கு இருநூறு முறை கேட்டுச் சொல்லி, ஆறு மாதத்தில் வாய் தானாகத் திரும்பும். மேலாளரிடம் "ஷூ நிஜூஹாச்சி ஜிகான் மதே" (வாரம் 28 மணி நேரம் வரை) என்று சொல்லி, அதை எழுதியும் கொடுத்துவிடுங்கள். வரம்பு மீறி வேலை வாங்கினால் சட்டம் முதலாளியையும் பிடிக்கும் என்பதால் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நடந்து முடிந்த கூடுதல் மணிகளை என்ன செய்வது? மறைக்காதீர்கள், யாராவது கேட்டால் பொய்க் கணக்கும் காட்டாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய் உள்ளதைச் சொல்லுங்கள். சிக்கலாக இருந்தால் குடியேற்ற ஆவணங்களைக் கவனிக்கும் 'க்யோசெய் ஷோஷி' ஒருவரிடம் அனுப்புவார்கள். ஆறு மாதத்தில் தானே நிறுத்திக்கொண்டவரின் கதையும், இரண்டு ஆண்டு தொடர்ந்து செய்து பிடிபட்டவரின் கதையும் ஒன்றாக இருக்காது.

குறையும் வருமானத்துக்கு ஒரு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தோடேயே ஒப்பந்தம் செய்துகொண்டு, கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ உதவியாளராகப் பார்க்கும் வேலைக்கு அந்த வேலை அனுமதி முத்திரையே தேவையில்லை. 28 மணிக் கணக்கில் அது சேராது. முதுநிலை மாணவருக்கு இது எட்டாக்கனி இல்லை. பேராசிரியரிடம் நேராகக் கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பதை இங்கே யாரும் பண்பு என்று பாராட்டப் போவதில்லை, 'இவருக்குத் தேவையில்லை போலிருக்கிறது' என்றுதான் நினைப்பார்கள். அப்படியே கட்டணச் சலுகையையும் விசாரியுங்கள். தேசியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணத்தின் பொது அளவு 535,800 யென். அதில் பாதியையோ முழுவதையோ தள்ளுபடி செய்யும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சில நாட்கள்தான் விண்ணப்பச் சன்னல் திறந்திருக்கும், அறிவிப்பு ஜப்பானிய மொழியில் ஒரு மூலையில் இருக்கும். மாதம் 48,000 யென் தரும் ஜாஸ்ஸோ (ஜப்பான் மாணவர் சேவை அமைப்பு) உதவித்தொகைக்கும் பல்கலைக்கழகம்தான் பரிந்துரைக்க வேண்டும்.

வீட்டுக்குப் பணம் அனுப்புவது பற்றி. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: படிப்பு முடியும் வரை அனுப்பாதீர்கள். வாரம் 28 மணி நேரத்துக்கு மாதம் 1,20,000 யென் சுற்றித்தான் வரும். வாடகை, கட்டணம், காப்பீடு போக அதில் அனுப்ப ஒன்றும் இல்லை. அனுப்பத்தான் வேண்டும் என்று நின்றால் 33 மணி நேரம் மறுபடி வரும். அப்பாவிடமும் அம்மாவிடமும் இந்த எண்களை அப்படியே சொல்லுங்கள். ஜப்பானில் இருக்கும் பிள்ளை என்றாலே யென்னை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்க்கும் உறவினர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணமில்லாத நேரத்தில் கைபேசிக்கு வேறு ஒரு தூண்டிலும் வரும். "ஒரு பொட்டலத்தை வாங்கி வந்து கொடுத்தால் போதும், நாளுக்கு 50,000 யென்", "பயன்படுத்தாத வங்கிக் கணக்கு இருந்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்று. இதை இங்கே 'யாமி பைட்டோ', இருட்டுப் பகுதிநேர வேலை என்பார்கள். முதியவர்களை ஏமாற்றிய பணம்தான் பெரும்பாலும் அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. வங்கிக் கணக்கை விற்பதும் தனியாகக் குற்றம். பிடிபடுவது எப்போதும் பொட்டலத்தைத் தூக்கியவர்தான்.

சரி, உறைகளுக்கு வருவோம்.

ஜப்பானில் அரசாங்கம் உங்களோடு காகிதத்தில் பேசுகிறது. தொலைபேசியில் அழைத்து மிரட்டாது, வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போடாது. ஓர் உறை அனுப்பும். பதில் இல்லையென்றால் இன்னோர் உறை. ஓய்வூதியத்தில் எச்சரிக்கைக் கடிதங்கள் நீல உறையில் தொடங்கி மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும். அவ்வளவு மரியாதையாகக் கோபப்படுகிறவர்களின் கோபம் நம்மவர்களுக்குப் புரிவதில்லை. நான் வந்த புதிதில் நகராட்சியின் உடல்நலக் காப்பீட்டு உறைகளை விளம்பரம் என்று நினைத்துக் காலணிப் பெட்டியில் போட்டேன். ஒரு நாள் ஏடிஎம்மில் அட்டையைச் செருகினால், வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி இல்லை. வங்கி திருடிவிட்டது என்று சண்டைக்குப் போனேன். அவர்கள் பணிவாக ஒரு தாளைக் காட்டினார்கள்: பாக்கிக்காக முடக்கம். நான்கு முறை எனக்கு எழுதியிருந்தார்கள்.

உங்கள் ஓய்வூதியச் சீட்டைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கட்டாமல் சும்மா இருக்கவும் கூடாது. 20 வயது முதல் 59 வயது வரை ஜப்பானில் குடியிருக்கும் எல்லாரும், எந்த நாட்டவரானாலும், தேசிய ஓய்வூதியத்தில் சேர்ந்தாக வேண்டும். மாணவருக்கு மட்டும் கட்டணத்தைத் தள்ளிவைக்கும் சலுகை உண்டு. 'ககுசேய் நோஃபு தொகுரேய்' என்பது அதன் பெயர். மாணவர் அட்டை, தங்கும் அட்டை, வந்த சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி அலுவலகத்துக்கு, அதாவது குயாகுஷோவுக்குப் போங்கள். இந்தப் பெயரைச் சொன்னால் ஒரு படிவம் தருவார்கள், பத்து நிமிட வேலை. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓர் ஆண்டுக்குத்தான் அது செல்லும். அடுத்த ஏப்ரலில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கடந்த மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம், ஏறத்தாழ இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிப் போகும்.

"பின்னால் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் மெதுவாகப் போகலாமே" என்று கேட்பீர்கள். கூடாது. இந்த ஓய்வூதியத்துக்குள் உடற்குறை ஓய்வூதியமும் இருக்கிறது. சைக்கிளில் போகும்போது விபத்து நடந்து நிரந்தரக் குறை ஏற்பட்டால், அதற்கு முன்பே நீங்கள் விண்ணப்பித்திருந்தால் அந்த மாதங்கள் கணக்கில் வரும். விபத்துக்குப் பிறகு ஓடிப்போய் விண்ணப்பித்தால் வராது. 17,510 யென் மிச்சம் என்பதைவிட இதுதான் பெரிய காரணம்.

அதே கட்டடத்தில் உடல்நலக் காப்பீட்டு மேசைக்கும் போங்கள். முதல் ஆண்டில் ஜப்பானில் உங்களுக்கு முந்தைய வருமானம் இல்லாததால் தவணை மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வருமானம் இல்லை என்பதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் குறைப்பும் கிடைக்காது. உங்கள் பையில் இருக்கும் ஓர் உறைக்குள் அந்தக் கேள்வித்தாள் கிடக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார். 2024 டிசம்பர் 2-க்குப் பிறகு பழைய காப்பீட்டு அட்டை புதிதாக வழங்கப்படுவதில்லை. மை நம்பர் அட்டையை (ஜப்பானில் குடியிருப்போருக்கான அடையாள எண் அட்டை) காப்பீட்டோடு இணைக்காதவர்களுக்குத் தகுதிச் சான்று தனியாகத் தபாலில் வருகிறது. அதுவும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கலாம். அது இல்லாமல் மருத்துவரிடம் போனால் அங்கேயே முழுத்தொகையையும் கேட்பார்கள். இருந்தால் 30 சதவீதம்தான், பல் வைத்தியம் உட்பட. காய்ச்சலுக்குப் பெரிய மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் மருத்துவச் செலவுக்கு மேல் 7,000 யென்னாவது தனியாக வாங்குவார்கள். தெருமுனையில் இருக்கும் சிறு கிளினிக்தான் முதல் படி. 119-க்கு வரும் ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. அழைக்கலாமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் ஃபுகுவோகாவில் #7119-ஐக் கேட்கலாம்.

உறையைப் பிரித்ததும் எல்லாவற்றையும் படிக்க முயலாதீர்கள். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவைக் காட்டி, யார் அனுப்பியது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மூன்றை மட்டும் பாருங்கள். தேதியில் ஆண்டு 7 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அது ரெய்வா 7, அதாவது 2025. அந்தத் தேதியை உறையின்மேல் பெரிதாகத் தமிழில் எழுதி, சுவரில் ஒட்டுங்கள். புரியாததை அலுவலகத்தில் காட்டி "யசாஷீ நிஹோங்கோ தே ஒனெகாய் ஷிமாஸ்" என்று கேளுங்கள். எளிய ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள் என்று பொருள். பல அலுவலகங்களில் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளரையும் பிடித்துக் கொடுப்பார்கள்.

பெயர்ப் பிரச்சினை நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. வேறு நாட்டு மாணவர்களுக்கு இவ்வளவு இல்லை. உங்கள் பெயர் சரவணகுமார், அப்பா பெயர் பழனியப்பன் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 'பி. சரவணகுமார்' என்றால் விஷயம் முடிந்தது. பாஸ்போர்ட்டில் அந்தப் 'பி' விரிந்து குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும், அல்லது குடும்பப்பெயர் காலியாக விடப்பட்டு இரண்டும் ஒரே கட்டத்தில் நெருக்கியடிக்கும். தங்கும் அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ரோமன் எழுத்தில் வரும். வங்கியிலோ கடகனாவில், அதாவது ஜப்பானியர்கள் வெளிநாட்டுச் சொற்களை எழுதும் எழுத்தில், கேட்பார்கள். கணக்குத் திறந்த அன்று அங்கே இருந்த ஊழியர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தொழிற்சாலையின் கணக்கர் தனக்குத் தோன்றியபடி வேறு மாதிரி எழுதியிருப்பார். 'குமார்' நீண்டு ஒலிக்கிறதா குறுகி ஒலிக்கிறதா என்ற ஒரு கோட்டில், 'பழனி'யின் ழகரத்துக்கு அவரவர் போட்ட எழுத்தில், சம்பளம் திரும்பிப் போய்விடும். ஜப்பானிய வங்கிப் பணமாற்றத்தில் பெறுபவர் பெயர் கடகனாவில்தான் போகிறது.

வங்கிப் புத்தகத்தில் உங்கள் பெயர் கடகனாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தொழிற்சாலை அலுவலகத்தில் கொடுங்கள், திரும்பிய சம்பளத்தை மறுபடி அனுப்புவார்கள். வேலையை விட்டாலும் உழைத்த கூலி உங்களுடையது, விட்டுக்கொடுக்காதீர்கள். இனிமேல் கைபேசி, காப்பீடு, மின்சாரம் எல்லா இடத்திலும் எழுத்துப் பிசகாமல் அதே கடகனாவையே கொடுங்கள். அதைக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் உங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதலில் இருப்பதைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். எழுந்து போக வேண்டியது நீங்கள். ஒரு மாணவர் தன் முறை வரவேயில்லை என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஜப்பானியர்கள் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று என்னிடம் புகார் சொன்னார். பாவம், அவருடைய அப்பாவை அவர்கள் ஐந்து முறை கூப்பிட்டிருக்கிறார்கள்.

குப்பை விஷயத்தில் உங்களைத் தவறாக வழிநடத்தியது யார் என்று எனக்குத் தெரியும்: டோக்கியோவில் இருந்துகொண்டு காணொளி போடும் நம்மவர் யாரோ. "குப்பையைக் காலை எட்டு மணிக்குள் வையுங்கள்" என்று அவர் சொல்லியிருப்பார். டோக்கியோவுக்கு அது சரி. ஃபுகுவோகா நகரம் வீட்டுக் குப்பையை இரவில் எடுக்கிறது. குறித்த நாளில் சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு 12-க்குள் வைக்க வேண்டும். விடிவதற்குள் லாரி வந்து போய்விடும். காலையில் வைத்தால் நாள் முழுக்க உங்கள் பை தெருவில் தனியாக உட்கார்ந்திருக்கும், காகங்களுக்குக் கொண்டாட்டம். இன்னொன்று, எந்தப் பையிலும் போட முடியாது. நகராட்சி குறித்த பைதான் வேண்டும். எரியும் குப்பைக்கு 45 லிட்டர் பை ஒன்று 45 யென். நீங்கள் வேலை பார்க்கும் கொன்பினியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். எரியும் குப்பை வாரம் இருமுறை, எரியாததும் கண்ணாடி, பெட் பாட்டில்களும் மாதம் ஒருமுறை. பாட்டிலின் மூடியையும் மேலுறையையும் கழற்றி, அலசிவிட்டுப் போடுங்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். உறைய வைக்கும் பொடி நூறு யென் கடையில் கிடைக்கிறது. ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால், வேறு வீடு மாறினால் முதலில் கேட்க வேண்டியது வாடகையை இல்லை, குப்பை அட்டவணையை. கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியின் நன்மதிப்பு அதில்தான் இருக்கிறது. வீடு மாறினால் 14 நாட்களுக்குள் புது முகவரியைப் பதிய வேண்டும் என்பதில் மிகை எதுவும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. திருநெல்வேலிப் பிள்ளை ஒருவர் இவ்வளவு நீளமாக எழுதிச் சாப்பாட்டைச் சொல்லவில்லை என்றால், ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றுதான் பொருள். தொழிற்சாலையிலோ கடையிலோ மிஞ்சுவதைக் கொண்டு ஓட்டுகிறீர்கள் போலிருக்கிறது. ஒரு சோற்றுக் குக்கர் வாங்குங்கள். படிப்பு முடிந்து கிளம்பும் மாணவர்கள் மார்ச் மாதம் சும்மாவே கொடுத்துவிட்டுப் போவார்கள். அரிசி விலை இப்போது அடிவயிற்றைக் கலக்குகிறது. நான் வந்தபோது 5 கிலோ 2,000 யென் சுற்றி வாங்கியது, 2025-ல் 4,000-ஐத் தாண்டிவிட்டது. ஜப்பான் அரிசி குழையும், ஒட்டும். குழம்புக்குச் சகிக்காது என்பது என் கருத்து. ஆனால் தயிர்ச் சோற்றுக்கு அதைப்போல் ஓர் அரிசி தஞ்சாவூரிலும் கிடையாது. இனிப்பில்லாத தயிர் எல்லாக் கடையிலும் பெரிய டப்பாவில் இருக்கிறது. துவரம்பருப்பையும் உளுந்தையும் இந்தியக் கடைகள் இணையத்தில் விற்கின்றன. நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் தபால் செலவு தெரியாது. முளைகட்டிய பயறும் தோஃபுவும் இங்கே மலிவு. மாலையில் சூப்பர் மார்க்கெட்டில் மிஞ்சிய உணவின்மேல் 'ஹங்காகு' என்று பாதி விலைச் சீட்டு ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் ஒட்டும் ஊழியரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பேராசிரியர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சைவமென்றால் ஒன்று: "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீன் சாறு ஊற்றிய சூப்பை மனசாட்சி உறுத்தாமல் கொண்டுவந்து வைப்பார்கள். காய்ந்த மீன் சீவலில் எடுக்கும் 'தாஷி' அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. தாளிக்கும்போது புகைபோக்கியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் இருக்கும் எண்ணெய்க்கறையைக் காட்டி முன்பணத்தில் பிடிப்பார்கள்.

திரும்பிப் போய்விடலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். பிரிக்காத உறைகளோடு அந்த முடிவை எடுக்காதீர்கள். அப்படியே போவதென்றாலும், சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏற முடியாது. படிப்பை விட்டால் 14 நாட்களுக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், காப்பீட்டையும் முகவரியையும் முடித்துவைக்க வேண்டும். வகுப்புக்கும் போகாமல் மூன்று மாதத்துக்கு மேல் இங்கேயே முடங்கிக் கிடந்தால், தங்கும் அனுமதியையே ரத்து செய்ய இடமிருக்கிறது. பல்கலைக்கழக உடல்நல மையத்தில் மனநல ஆலோசகர் இருப்பார். கட்டணம் இருக்காது, பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பேசலாம். பைத்தியம் பிடித்தவர்கள் போகும் இடம் என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் தனியாக இருந்தவர்கள் போகும் இடம். மொழியைப் பொறுத்தவரை, குடியிருப்புகளின் சமூகக் கூடங்களில் தன்னார்வலர்கள் இலவசமாகவோ சில நூறு யென்னுக்கோ வகுப்பு நடத்துகிறார்கள். கற்றுக்கொடுப்பவர்களில் பாதிப்பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். உங்கள் பையில் இருக்கும் உறைகளில் ஒன்றை அவர்களிடம் நீட்டிப் பாருங்கள். அந்த வாரப் பாடமே அதுதான் என்று ஆகிவிடும்.

கடைசியாக, அந்தச் சத்தம் போடாத சத்தம். நீங்கள் பாட்டுக் கேட்பதில்லை என்பதை நம்புகிறேன். இரவில் அம்மாவோடு பேசுகிறீர்களா? ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே சாப்பாடெல்லாம் முடிந்து, பாத்திரம் ஒழித்துப்போட்டு ஒன்பது மணிக்கு அம்மா கூப்பிடும்போது, இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. நம் வீட்டில் தொலைபேசியில் பேசுவதற்கும் பக்கத்துத் தெருவுக்குக் குரல் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. உங்கள் வீட்டுச் சுவரோ அட்டை கனம்தான் இருக்கும். அம்மாவை மாலை ஐந்தரைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், உங்களுக்கு அப்போது ஒன்பது. பக்கத்து அறைக்காரருக்கு ஒரு சிறு இனிப்புப் பெட்டியோடு "சுமிமாசென்" (மன்னியுங்கள்) என்று ஒரு வார்த்தை. திங்கட்கிழமை காலை குயாகுஷோ எட்டே முக்காலுக்குத் திறந்துவிடும், பையை மறந்துவிடாதீர்கள்.